உள்ரூம் அக்கா

கோகுல்நாத்தின் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நர்மதாவின் மனு சொன்னது. பெயர் தெரியாது. வயது பதினாறு, பதினேழு இருக்கலாம். உள்ரூமில் தங்குகிறாள், வெளியே தலைகாட்டுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தன் மகள் யோகப்பிரியா இனி ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது, ஆகவே விவாகரத்தின்போது போட்ட உத்தரவை மாற்றித் தர வேண்டும் என்று பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் அவள் கேட்டிருந்தாள்.

கோகுல்நாத்தின் வக்கீல் சதீஷ் மனுவை வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. ஊட்டுல ஆரு இருக்கறாங்க?"

"ஆருமில்லீங்க. நான் ஒருத்தன்தான்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் பெற்ற மகளை யாருமில்லை என்று சொல்லிவிட்டோமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. கொல்லங்கோட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உள்ரூமுக்குப் போனான். "கோவிச்சுக்காத கண்ணு" என்று உத்தரத்தைப் பார்த்துச் சொன்னான்.

உத்தரத்தில் ஒரு ஓலைப்பெட்டி கயிற்றில் தொங்கியது. அதில்தான் ஞானஜோதி இருந்தாள்.

ஜோதி அவனுக்கும் நர்மதாவுக்கும் பிறந்த மூத்த பெண். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள் யோகப்பிரியா. கல்யாணமாகாமல் இறந்த பெண் பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம் என்பது அவன் குடும்பத்து வழக்கம். சுடுகாட்டோடு அவளை விட்டுவிட மாட்டார்கள். ஓலைப்பெட்டியில் ஒரு ஜோடித் துணி வைத்து உத்தரத்தில் கட்டுவார்கள். ஆடிப் பதினெட்டு அன்று பெட்டியை இறக்கிப் புதுத்துணி வைத்து, பழையதை வீட்டுப் பெண் குழந்தைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். துணி எப்போதும் செத்த வயதுக்கு உண்டான அளவுதான். தெய்வத்துக்கு வயது ஏறாது அல்லவா?

நர்மதாவுக்கு இது ஆகவே இல்லை. அவள் மலைக்காரி. மூணாற்றை அடுத்த சித்திரபுரத்து மின்சார வாரியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். "எம் புள்ளைய சாமியாக்கிட்டீங்க. சாமியாக்கிட்டா அழக்கூடக் கூடாதுங்கிறீங்க. நான் எங்க போயி அழுவேன்?" என்று ஒருநாள் பெட்டிக்குக் கீழே நின்று கத்தினாள். அப்போது விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை. யோகாவுக்கு ஏழு வயதாகும்போது விவாகரத்து முடிந்தது. பிரிகிற நேரத்தில் அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: பெட்டியை ஆற்றில் விட்டுவிட வேண்டும், யோகா வந்து படுக்கிற வீட்டில் அது தலைக்குமேல் தொங்கக் கூடாது. அவன் சரி என்றான். அந்த ஆடியிலேயே விட்டுவிட்டதாகவும் சொல்லி அனுப்பினான்.

விடவில்லை. விட முடியவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

நர்மதாவும் யோகாவும் போனபின் வந்த முதல் ஆடிக்கு, துணி எடுக்கக் குஞ்சு முகம்மதுவின் ஜவுளிக்கடைக்குப் போனான். "பாப்பாவுக்கு எத்தன வயசுங்க?" என்று அவர் வழக்கம்போல் கேட்டார். ஆறு என்று சொல்ல வாயெடுத்தவன் பதினைந்து என்று சொல்லிவிட்டான். இருந்திருந்தால் அத்தனை வயதுதான். குஞ்சு முகம்மது உயரமான அலமாரியிலிருந்து சுடிதார்களை எடுத்துப் போட்டார். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு இதுதான் புடிக்கும், பாருங்க" என்றார். கோகுல்நாத் அரைமணி நேரம் நிறம் பார்த்தான். கல்லூரிக்கு அனுப்பப்போகிற அப்பனின் பவிசு அவன் முகத்தில் இருந்தது. அதற்கடுத்த வருடம் ஓர் அளவு பெரிதாக எடுத்தான். அவன் வீட்டுக் கன்னிக்கு மட்டும் வயது ஏறத் தொடங்கியது.

தனி ஆளாக இருக்கிற ஆண்பிள்ளை செய்கிற கிறுக்குத்தனம்தான். அவனை அதற்காகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

உத்தரவுப்படி யோகா அம்மாவிடம் சித்திரபுரத்தில் இருந்தாள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ராத்திரியும் கோடை விடுமுறையில் பாதியும் அப்பாவிடம். இரண்டு ஊரும் கேரளத்தில்தான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பஸ் தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் ஏறும். அதனால் பிள்ளையைக் கைமாற்றுகிற இடம் உடுமலை பஸ் ஸ்டாண்ட் என்று பேசி எழுதியிருந்தார்கள். அங்கே டீக்கடைப் பக்கம் நின்று நர்மதா பையை நீட்டுவாள், அவன் வாங்கிக்கொள்வான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பிள்ளை மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

அப்பா வீட்டில் யோகா உள்ரூமில்தான் படுப்பாள். மேலே தொங்குவது யார் என்று முதல் தடவையே கேட்டாள். அதுவரை அது ஏதோ சாமி என்று நினைத்திருந்தாள். உன் அக்கா என்று அவன் சொன்னான். "அம்மாட்டச் சொல்லாத கண்ணு" என்றும் சொன்னான். அங்கேதான் புத்திகெட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பிள்ளை எழுந்து வந்து, "அப்பா, அக்கா தண்ணி கேட்டுச்சுங்கப்பா" என்றது.

வேறொருவன் என்றால் பிள்ளையை வாரிக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருப்பான். கோகுல்நாத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, அதற்குமேல் ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருடம் தட்டில் சோறு வைத்தும் தண்ணீர் வைத்தும் அவன் காதில் ஒரு சத்தம் விழுந்ததில்லை. காற்றே இல்லாத நேரத்தில் பெட்டி லேசாக ஆடும், அவ்வளவுதான். அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. இப்போது பேசுகிறாள் என்றால் தங்கச்சியிடம் பேசுகிறாள். பேசட்டும். வேறென்ன சொன்னாள் என்று பிள்ளையைத் துருவினான். யோகா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் உள்ரூம் கதவில் நின்று, "அக்கா, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையை இறக்குவாள்.

போன ஆடியில் பெட்டியை இறக்கினான். முந்தின வருடத்து நீலச் சுடிதாரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். எடுத்த துணி வீட்டுப் பெண் குழந்தைக்குப் போக வேண்டும் என்பதுதானே முறை? அடுத்து யோகா வந்து திரும்பும்போது அதை மடித்து அவள் பையில் வைத்துவிட்டான். இப்போது பெரிதாக இருக்கும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு.

சித்திரபுரத்தில் நர்மதா பையைப் பிரித்தாள். வயசுப் பெண் உடுத்துகிற நீலச் சுடிதார், சந்தனமும் சாம்பிராணியும் மணக்க மணக்க. யாருது என்று கேட்டாள். "அப்பா ஊட்டு அக்காது" என்றது பிள்ளை. எந்த அக்கா? "உள்ரூம்ல இருக்குமே, அந்த அக்கா." அதன்பின் என்ன கேட்டும் பதிலில்லை. கடைசியில், "அப்பா உங்கட்டச் சொல்ல வேண்டாம்னுச்சு" என்று அழுதது. எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? ஜோதியின் துணியாக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ஜோதிக்கு ஆறு வயசு. பெட்டி ஆற்றோடு போய் வருடக்கணக்காகிவிட்டது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

மனு முடிகிற வரைக்கும் ராத்திரித் தங்கல் கிடையாது, கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று இருக்கிற அறையில் பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. மனுவோ தவணைமேல் தவணையாக இழுத்தது. கோகுல்நாத் அந்த அறையில், வாலறுந்த பிளாஸ்டிக் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவான். "அக்கா சௌக்கியமாங்கப்பா?" என்று அது காதோடு கேட்கும். வீட்டுக்கு வந்தால் உள்ரூம் இன்னும் இருட்டாகத் தெரியும். யோகா வராத ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் பெட்டி ஒரு பக்கமாகத் திரும்பி, வாசலைப் பார்த்தபடி நின்றது. அவன் நேராக்கி வைப்பான். மறுபடி திரும்பியிருக்கும். கயிற்று முறுக்கு என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த அறைக்குள் போகும்போது அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தங்கச்சி எங்கே என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

"இது நல்லாப் படலீங்க" என்றார் சதீஷ். "அந்தப் பொண்ணு ஆருன்னு நீங்க சொல்லலீன்னா, ராத்திரித் தங்கலு மொத்தமாப் போயிரும். கோடை லீவும் போயிரும். பகல்ல வந்து மொகத்தப் பாத்துட்டுப் போறதுதான் மிச்சம்."

சொன்னால் மட்டும் என்ன? பெட்டியை விடவில்லை, வாக்குக் கொடுத்து ஏமாற்றினான், பிள்ளையை அதன் கீழேயே படுக்க வைத்தான், அம்மாவிடம் மறைக்கச் சொன்னான். இதற்கு உள்ரூமில் ஒருத்தியை வைத்திருப்பதே தேவலை என்று நர்மதா சொல்வாள். இப்படி இரண்டு பக்கமும் அடைபட்டுத்தான் ஆனி மாதத்தில் அவன் கவுன்சலிங்குக்குப் போய் உட்கார்ந்தான்.

கவுன்சலர் சரஸ்வதியம்மாள் கல்பாத்திக்காரர். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவர். மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நர்மதா. அவள் மடியில் ஒரு துணிக்கடைக் கவர், அதற்குள் நீலச் சுடிதார். நடுவில் யோகா.

"பயப்படாதே கொழந்தே" என்றார் சரஸ்வதியம்மாள். "அப்பா ஆத்துல ஒரு அக்கா இருக்கான்னு சொன்னயாமே. அவ நல்லவளா?"

"நல்ல அக்கா."

"உன்னை அடிப்பாளா? திட்டுவாளா?"

யோகா இல்லை என்று தலையாட்டினாள். "அக்கா ஒண்ணும் பண்ணாது. படுத்தே இருக்கும். தண்ணி கேக்கும். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டே இருக்கும்."

"என்னன்னு?"

"நாளைக்கா, நாளைக்கான்னு."

நர்மதாவின் மடியிலிருந்து கவர் நழுவிக் கீழே விழுந்தது.

அந்தச் சொல் இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு நடவு. ஜோதிக்கு அனலாகக் கொதித்தது. நடவு முடியட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான் அவன். பொள்ளாச்சி எதற்கு, நாளைக்குக் காலையில் கோயமுத்தூருக்கே போய்விடலாம் என்றாள் அவள். ராத்திரி முழுக்கப் பிள்ளை, "நாளைக்கா? நாளைக்கா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தது. விடிந்ததும் காரில் ஏற்றினார்கள். காலதாமதமாகிவிட்டது. நாளைக்கு என்று சொன்னது யார் என்பதை வைத்துத்தான் அப்புறம் அத்தனை வருடமும் சண்டை நடந்தது. பிள்ளை கேட்ட அந்த 'நாளைக்கா'வை மட்டும் இருவரும் அதற்குப்பின் வாயால் சொன்னதில்லை. யோகா அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?" நர்மதாவின் குரல் எழும்பவே இல்லை. "பச்சப்புள்ள வாயில இதயா போட்டுக் குடுப்பீங்க?"

"ஜோதி மேல சத்தியமா இல்ல, நர்மதா. எனக்கே இப்பத்தான் தெரீது. எங்கிட்ட அவ ஒரு வார்த்த பேசுனதில்ல."

அதன்பின் மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியை விடாததையும் துணிக்கு வயது ஏற்றினதையும் சொல்லி முடித்தான். சரஸ்வதியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பேனாவை எப்போதோ மூடி வைத்திருந்தார்.

திட்டு விழும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நர்மதா குனிந்து கவரை எடுத்தாள். சாட்சிக்கென்று கொண்டுவந்த சுடிதாரைப் பிரித்து, எழுந்து நின்று, தோளில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது.

"இம்புட்டு வளந்துட்டாளா?" என்றாள். பிறகு நின்றபடியே அழுதாள். பெட்டிக்குக் கீழே அழ முடியாமல் போன அழுகையெல்லாம் அந்த அரசாங்க அறையில் வந்தது. யோகா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விழித்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் அவள் பேசியது வேறு குரல்.

"ஆறு வயசுல அவ கேட்டதுக்கு நாம ஒரு பதிலும் சொல்லல. கயித்துல கட்டி வச்சிருந்தா அவ எங்க போவா? அதயேதான் கேட்டுக்கிட்டுக் கெடப்பா. அவள வுட்டுருங்க. இந்த ஆடிக்கு நானே வருவேன், எங்கண்ணு முன்னால வுடணும். அப்பத்தான் யோகா உங்க வீட்டுல படுப்பா. இல்லேன்னா இந்த மனு நடக்கட்டும்."

இரண்டு பெண்களில் ஒருத்தியை வைத்துக்கொள், ஒருத்தியை விட்டுவிடு என்றால் எந்தத் தகப்பன் உடனே பதில் சொல்வான்? கோகுல்நாத் யோகாவைப் பார்த்தான். அது இதற்குள் அவன் பக்கம் வந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டு "சரி" என்றான்.

இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டதால் உத்தரவு சுருக்கமாக மாறியது. இரண்டாவது சனிக்கிழமை ராத்திரியும் கோடை விடுமுறையும் பழையபடி. கூடுதலாக ஒரு வரி: ஆடிப் பதினெட்டு அன்று தாய் குழந்தையைத் தகப்பன் வீட்டுக்கே கூட்டி வரலாம், அன்று ராத்திரி குழந்தை அங்கே தங்கும். எதற்காக அந்த நாள் என்று உத்தரவில் எழுதவில்லை. செத்த பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

ஆடிப் பதினெட்டு அன்று மழை சற்று விட்டிருந்தது. நர்மதா வீட்டுக்குள் வந்தவள் நேராக உள்ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கைநீட்டி வாங்கினாள். வழக்கப்படி புதுத்துணி வைக்க வேண்டும். அவன் இந்த வருடம் ஒரு சேலை எடுத்திருந்தான், மாம்பழ நிறத்தில். அவள் நீலச் சுடிதாரையும் கொண்டு வந்திருந்தாள். இரண்டையும் வைத்து, காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் தெளித்து, மூன்று பேரும் ஆற்றுக்கு, காயத்திரிப் புழைக்கு நடந்தார்கள்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையை முட்டி ஓடியது. மற்ற பெண்கள் மாவிளக்கு விட்டுக்கொண்டிருந்த படித்துறையைத் தாண்டிப் போய் இறங்கினார்கள். பெட்டியின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள். தண்ணீரில் வைத்தும் ஆயிற்று. ஆனால் கை எடுபடவில்லை, அவனுக்கும் எடுபடவில்லை, விட்டே ஆக வேண்டும் என்று நின்ற அவளுக்கும் எடுபடவில்லை. பெட்டி இரண்டு பேர் கையிலும் நடுங்கிக்கொண்டு நின்றது.

"அக்கா கேக்குதுங்கம்மா" என்றாள் கரையில் நின்ற யோகா.

என்ன கேட்கிறாள் என்று இருவரும் கேட்கவில்லை. நர்மதா குனிந்து பெட்டியின் மூடிமேல் கன்னத்தை வைத்தாள்.

"இல்ல கண்ணு. நாளைக்கு இல்ல. இன்னைக்கே. இப்பவே போலாம்."

சொல்லிக் கையை எடுத்தாள். அவனும் எடுத்தான். பெட்டி ஒரு சுற்றுச் சுற்றி, நடு ஆற்றுக்குப் போய், வளைவில் மறைந்தது.

நர்மதா அப்படியே சித்திரபுரத்துக்குக் கிளம்பினாள். மறுநாள் உடுமலைக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். போகும்போது முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்து, "சாப்பிடுங்க" என்றாள். அன்று யோகா உள்ரூமில் அப்பாவின் பக்கத்தில் படுத்து விடிகிற வரை அசையாமல் தூங்கினாள். அவன்தான் வெறும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். காலையில் மெல்லக் கேட்டான்.

"அக்கா ஏதாச்சும் சொல்லுச்சா அம்மிணி?"

"அக்கா இல்லீங்கப்பா."

நல்லதுதான், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தேற்றிக்கொண்டு பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டான். ஒரு தட்டை எடுத்தவன் பழக்கத்தில் இன்னொன்றையும் எடுத்து, திரும்ப அடுக்கில் வைத்தான்.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் மூணாறு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. நர்மதா பையை வாங்கி உள்ளே ஏறிக்கொண்டாள். யோகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகரும்போது பிள்ளை முகத்தைக் கம்பியில் பதித்து அவனைப் பார்த்தது.

"மறுபடி எப்பங்கப்பா? நாளைக்கா?"

உள்ளே நர்மதாவும் கேட்டுவிட்டாள். சட்டென்று திரும்பிய அவள் முகத்தில் அது தெரிந்தது. கேட்டது யோகாதான், யோகாவின் குரல்தான், எந்தப் பிள்ளையும் கேட்கிற கேள்விதான். இன்னைக்கே என்று சொல்ல அவன் வாய் திறந்தது. இன்றைக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது அவனுக்கு? கம்பியை விடாமல் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடினான்.

"ரெண்டாவது சனிக்கெழம, கண்ணு" என்றான். "உத்தரவுல அப்படித்தான் இருக்குது."